பூட்டிய வீட்டில் பாட்டுச் சத்தம்

போன மாதம், நான் கடைசியாக வேலை பார்த்த தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு தீயணைப்பாளர் போன் செய்தார். இப்போது விபத்து அறிக்கையைக் கணினியில்தான் நிரப்புகிறார்களாம். 'காரணம்' என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியுமாம்.

"ஐயா, ஒரு வீட்டுல டி.வி. இருந்த மூலை எரிஞ்சிருக்கு. எதுலேருந்து புடிச்சதுன்னு தெரியலை. பட்டியல்ல மொதல்லயே மின்கசிவுன்னு இருக்கு. அதையே தொட்டுரவா?" என்று கேட்டார்.

"தொடாதீங்க தம்பி" என்றேன்.

ஏன் என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. சொல்ல வேண்டியது நாலு பக்கம்கூட வராது. ஆனால் அதை எழுத வேண்டிய கை என்னுடையதாக இருக்கிறதே, அதுதான் தாமதம்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது எங்கள் மாவட்டத்தில் தீ என்றால் பெரும்பாலும் வைக்கோல், கீற்று, முந்திரிக்காடு. பயிற்சியில் ஏணி ஏறவும், கிணற்றுக்குள் இறங்கவும், புகைக்குள் தவழவும் சொல்லிக்கொடுத்தார்கள். அணைந்த பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைச் சொல்லித்தந்தவர் அருளானந்தம் ஐயா. இலுப்பூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில் அவர்தான் நிலைய அலுவலர்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தீ அணைந்ததும் எங்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பார். உள்ளே கால் வைக்க மாட்டார். பத்து நிமிடம் போகும். வீட்டுக்காரர்கள் பொறுமையிழந்து ஏதாவது கேட்டால், "பாத்துக்கிட்டு இருக்கேன்ங்க" என்பார், அவ்வளவுதான். சுவரில் கரி எந்த இடத்தில் ஒடுங்கி, எந்த இடத்தில் விரிந்திருக்கிறது என்று பார்ப்பார். தீ பிறந்த இடத்தில் தடம் கீழே குறுகலாக இருக்கும், மேலே போகப் போக அகலும். அந்தக் குறுகின முனையைக் கண்ட பிறகுதான், செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் நுழைவதுபோல அவ்வளவு பதமாக உள்ளே போவார். கொத்தனார் கரண்டி ஒன்றும், பெயிண்ட் அடிக்கிற பழைய பிரஷ் ஒன்றும் அவருடைய பையில் எப்போதும் இருக்கும். சாம்பலை அடுக்கு அடுக்காக எடுப்பார். மேல் அடுக்கில் ஓடு, அதற்குக் கீழே துணி, அதற்கும் கீழே எது முதலில் விழுந்ததோ அது. "கடைசியா விழுந்தது மேல கெடக்கும், மொதல்ல எரிஞ்சது அடியில கெடக்கும். அவசரப்பட்டு வாரிப் போட்டா எல்லாம் ஒரே கரியாப் போயிரும்" என்பார்.

வீட்டுக்காரர்களிடம் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். பிறகு முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கடைசியா வீட்டை விட்டுப் போனது யாரு? போறப்ப உள்ள என்ன சத்தம் கேட்டுச்சு?"

அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டில்தான் விளங்கியது. கணவன், மனைவி இரண்டு பேருமே ஆசிரியர்கள். பகல் பதினொரு மணிக்கு ஜன்னல் வழியே புகை. நாங்கள் போய் அணைத்தோம். முன்னறை முழுக்கப் போய்விட்டது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ஆசிரியரிடம் ஐயா தன்னுடைய கேள்வியைக் கேட்டார்.

"பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு சார்" என்றார் ஆசிரியர்.

"ஆள் இல்லாத வீட்டுல பாட்டு எதுக்குங்க?"

"ஆள் இருக்கற மாதிரி இருக்கணும்ல. திருட்டுப் பயம்."

ஐயா சிரிக்கவில்லை. சாம்பலுக்கு அடியிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் தகரக் கூட்டை எடுத்து என் கையில் வைத்தார். அதன் மேல்பக்கத்துக் காற்றுத் துளைகளில் கருகிய நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. தூசி படாமல் இருக்க, பூப் போட்ட துணி ஒன்றை மடித்து மேலே போர்த்தியிருந்தார்கள். "இது மூச்சு விடற ஓட்டை. இதுக்குள்ள கம்பி சுத்தின ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கு. பாட்டு ஓடினாலும் ஓடலைன்னாலும் செவப்பு லைட்டு எரியற வரைக்கும் இது சூடாத்தான் இருக்கும். நாள் பூரா மூக்கைப் பொத்தி வச்சிருந்தா என்னாகும்?" என்றார்.

அன்றைக்கு அறிக்கையை நான்தான் எழுதினேன். வழக்கம்போல 'மின்கசிவு' என்று எழுதி நீட்டினேன். அவர் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"கசியறதுக்கு அது என்ன ஓட்டைக் கொடமாய்யா? எங்கேருந்து கசிஞ்சுச்சு, ஏன் கசிஞ்சுச்சு, அதை எழுது. நீ எழுதறது செத்துப்போன வீட்டுக்கு இல்ல. இன்னும் எரியாத வீட்டுக்கு."

நான்கு தடவை திருத்தி எழுத வைத்தார். எனக்குக் கோபம்கூட வந்தது.

வருடங்கள் ஓடின. நானும் பதவி உயர்ந்து நிலைய அலுவலர் ஆனேன். கீற்றுக் கூரைகள் குறைந்தன. தீ கூரையிலிருந்து இறங்கி வீட்டுக்குள்ளே மூலைக்கு வந்துவிட்டது. ஷோகேஸ், அதில் டி.வி., அதற்குக் கீழே ஆம்ப்ளிஃபயர் செட், இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டி. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் முதலில் வாங்கிப் போடுவது அதைத்தான். கல்யாண வீடு, காதுகுத்து, சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றுக்கும் செட் ஓட வேண்டும். ஓடி முடிந்த பிறகு சுவரில் உள்ள சுவிட்சை யார் அணைக்கிறார்கள்?

நான் ஓய்வு பெற ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தபோது கீரமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரிலிருந்து அழைப்பு வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். பிற்பகல் மூன்று மணி இருக்கும். தகரக் கொட்டகை போட்ட வீடு. புயலில் பழைய கூரை போன பிறகு தகரம் போட்டு, வெயில் தாங்காமல் உள்ளே தெர்மோகோல் அட்டை அடித்திருந்தார்கள். நாங்கள் போனபோது அந்த அட்டை உருகித் தீத்துளியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது.

"உள்ள ஆள் இருக்கா?" என்று கத்தினேன்.

கூடியிருந்தவர்களில் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர், "இருக்காரு சார்! கருப்பையா இருக்காரு! நடக்க முடியாத ஆளு!" என்றார்.

பூட்டை உடைத்தோம். கதவு முழுசாகத் திறக்கவில்லை. ஏதோ தடுத்தது. அது கருப்பையாதான். கட்டிலிலிருந்து விழுந்து, கையை ஊன்றி வாசல் வரைக்கும் வந்திருக்கிறார். கதவில் அவர் தட்டிய இடத்தில் கரிக்குள் விரல் தடம் இருந்தது. உடம்பில் பெரிதாகத் தீக்காயம் இல்லை. புகைதான். தூக்கி வெளியே கிடத்தினோம். ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் ஏற்றினார்கள். அதைப் பார்த்ததும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அவருடைய கதையை ஊர்க்காரர்கள் சொன்னார்கள். புயல் சாய்த்த தென்னைகளை அறுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மரம் புரண்டு இடுப்பில் விழுந்தது. அன்றிலிருந்து கட்டில்தான். மனைவி வள்ளிக்கண்ணு காலையில் மல்லிகை பறித்து மார்க்கெட்டில் போட்டுவிட்டு வந்து அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவார். ஒரே மகன் சிங்கப்பூரில். அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்று அவன்தான் போன விடுமுறையில் செட் வாங்கி வைத்தான். கருப்பையாவுக்குப் பாட்டு என்றால் உயிராம்.

அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பூக்கொல்லையில் இருந்தாலும் தனக்கும் கேட்கட்டும் என்று வள்ளிக்கண்ணு சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். மின்சாரம் நின்றதும் பாட்டு நின்றது. மத்தியானம் சோறு ஊட்டிவிட்டு, ரேஷன் கடைக்குப் புறப்பட்டார். ஆடு, நாய் உள்ளே வந்துவிடக் கூடாது என்று கதவைப் பூட்டினார். சுவிட்சை அணைக்கவில்லை. கரண்ட் வந்தால் அவருக்குப் பாட்டு வரட்டுமே என்றுதான்.

கரண்ட் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வந்தபோது பல்பெல்லாம் பளிச்சென்று எரிந்து பிறகு அடங்கியது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கருப்பையா வீட்டில் பாட்டு முழுச் சத்தத்தில் தொடங்கியிருக்கிறது.

"கொஞ்ச நேரத்துல பாட்டு போயி உர்ருன்னு ஒரே எரைச்சல் சார். செட்டு கெட்டுப்போச்சு போலன்னு பேசிக்கிட்டோம். ரொம்ப நேரம் கெடந்து எரைஞ்சுச்சு. அப்புறம் நின்னுபோச்சு" என்றார். சற்று நின்று, "அதுக்குள்ள அவரு கத்தியிருப்பாருல்ல சார்? எங்களுக்குக் கேக்கலையே" என்றார்.

தீ அடங்கிச் சூடு தணிந்த பிறகு, நான் வாசலில் நின்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பத்து நிமிடம். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் கரித்தடம் தெளிவாக இருந்தது. ஷோகேஸின் கீழ்த் தட்டிலிருந்து ஒடுக்கமாகக் கிளம்பி மேலே விரிந்திருந்தது. கரண்டியால் அடுக்கு அடுக்காக எடுத்தேன். உருகிய தெர்மோகோல். ஷோகேஸ் பலகை. அதற்கு அடியில் செட்டின் கூடு. ட்ரான்ஸ்ஃபார்மரின் கம்பிச் சுற்று வெந்து ஒரே கட்டியாகியிருந்தது. பின்பக்கம் ஃப்யூஸ் மாட்டுகிற இடத்தைப் பிரஷ்ஷால் துடைத்தேன். அங்கே சிறிய கண்ணாடி ஃப்யூஸ் இருக்க வேண்டும். அளவுக்கு மேல் கரண்ட் பாய்ந்தால் அது முதலில் அறுந்து செட்டை நிறுத்திவிடும். அதன் இடத்தில் முறுக்கிய செம்புக் கம்பி இருந்தது. வீடே எரிந்து முடிந்த பின்னும் அந்தக் கம்பி அறுபடவில்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வள்ளிக்கண்ணு வந்துவிட்டிருந்தார். ரேஷன் பை இடுப்பிலேயே இருந்தது. அழவில்லை. கருப்பையாவின் அண்ணன் அவருக்குப் பின்னாலேயே நின்று, "பூட்டிட்டுப் போயிட்டா சார், மனுசனை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் தலையை ஆட்டினார்கள்.

வள்ளிக்கண்ணு என்னிடம் வந்தார். "சார், நான் சுச்ச அமத்தாமப் போயிட்டேன். பாட்டு வரட்டும்னு விட்டுட்டுப் போனேன். அதுனாலயா சார்?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். இந்தப் பெண் இனி இந்த ஊரில் எப்படி வாழ்வாள் என்று எனக்குத் தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை.

"இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. மின்கசிவு. யாரு வீட்டுலயும் நடக்கும்" என்றேன். கருப்பையாவின் அண்ணனைப் பார்த்து, "நீங்க சும்மா இருங்க" என்றும் சொன்னேன். செம்புக் கம்பியைச் சாம்பலில் போட்டுக் காலால் தள்ளினேன்.

அறிக்கையிலும் அதையே எழுதினேன். மின்கசிவு. இருபது வருடத்துக்கு மேலாக நான் எழுதாத சொல். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக அன்றைக்கு நினைத்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துக் கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், அருளானந்தம் ஐயாவைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்று அங்கே மகள் வீட்டில் இருந்தார். கண் பார்வை மங்கியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். கம்பியைப் பற்றியும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தக் கம்பியை அந்தம்மாவா போட்டுச்சு?" என்று கேட்டார்.

"இருக்காதுங்கய்யா. ரிப்பேர்க் கடைல போட்டிருப்பாங்க."

"கடைக்காரன் ஒரு செட்டுக்குத்தான் போட்டிருப்பானா?"

என் பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"அந்தம்மாவுக்கு நல்லது பண்ணிட்டே. சரி. அடுத்த வீட்டுக்கு என்ன பண்ணினே?" என்றார். அதற்குப் பிறகு என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். கிளம்பும்போது, "போயி அந்தக் கடையைப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

போகலாம் என்றுதான் இருந்தேன். முந்திரிக்காட்டுத் தீ வரிசையாக வந்தது. பிறகு பாதுகாப்புப் பணி, திருவிழா, தேர். போகிறேன், போகிறேன் என்று நாள் போனது. வேலை இருந்தது என்பது உண்மை. போனால் அறிக்கையைத் திருத்த வேண்டிவரும் என்பதும் உண்மை. இரண்டில் எது என்னை நிறுத்தியது என்பதில் என்னையே ஏமாற்றிக்கொள்ள இப்போது விருப்பமில்லை.

நாலு மாதம் கழித்துக் கருப்பையாவின் ஊரிலிருந்தே மறுபடி அழைப்பு. காலை பத்து மணி. நாங்கள் போவதற்குள் ஊர்க்காரர்களே குடத்துத் தண்ணீரை ஊற்றிப் பாதி அணைத்திருந்தார்கள். மல்லிகை பறிக்கப் போகிற சித்ரா என்பவரின் வீடு. அவர் வேலைக்குப் போயிருந்தார். பிளஸ் டூ படிக்கிற மகள் அபிநயா காய்ச்சல் என்று பள்ளிக்குப் போகாமல் உள்ளறையில் படுத்திருந்தாள். முதல் நாள் சாயங்காலம் பாட்டுக் கேட்ட செட் அணைக்காமல் அப்படியே இருந்தது. பாட்டு ஓடவில்லை. சிவப்பு லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

புகை நாற்றத்தில் விழித்தவள் வெளியே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. மூலையில் எரிகிற செட்டிடம் போய், இரண்டு கையாலும் பிளக்கைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஒயர் உருகிக்கொண்டிருந்தது. கையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அவள் பிழைத்தாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கும் மேல் இருந்தாள். நான் பார்க்கப் போனபோது இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. "ஏம்மா கையை வச்சே?" என்று கேட்டேன்.

"நீங்கதானே சார் எங்க ஸ்கூலுக்கு வந்து சொன்னீங்க. கரண்டுல தீ புடிச்சா தண்ணி ஊத்தக் கூடாது, மொதல்ல கரண்டை நிறுத்தணும்னு" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. சரியாகச் செய்தேனா என்று ஆசிரியரிடம் கேட்கிற முகம் அது. மெயினை நிறுத்த வேண்டும், எரிகிற பிளக்கைத் தொடக் கூடாது என்று நான் அன்றைக்கு விளக்கிச் சொன்னேனா இல்லையா என்பது எனக்கு நினைவில்லை. எத்தனையோ பள்ளிக்கூடத்தில் பேசியிருக்கிறேன். வலது கையில் மூன்று விரல்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. தேர்வுக்கு வேறு ஒருவரை வைத்து எழுதினாள்.

அந்த வீட்டுச் சாம்பலிலும் ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பிதான்.

தீ பிடித்த மறுநாளே, சித்ராவிடம் கேட்டுக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். சேகர் என்பவருடைய கடை. ஆம்ப்ளிஃபயர் கூட்டுவதும் பழுது பார்ப்பதும் தொழில். கெட்ட மனிதர் இல்லை. நான் கம்பியை மேஜையில் வைத்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"சார், நான் ஃப்யூஸ்தான் போட்டுக் குடுப்பேன். எங்கூருப் பக்கம் கரண்டு ஏறி எறங்கும்போது அது அறுந்து போயிரும். ஜனங்க மறுவாரமே தூக்கிக்கிட்டு வந்து சண்டை போடுவாங்க. கம்பியைப் போட்டு விடுப்பா, அடிக்கடி அலைய முடியலைன்னு அவங்களே கேப்பாங்க. போட்டுட்டேன் சார்."

"எத்தனை பேருக்கு?"

அவருக்கே தெரியவில்லை. நினைவிலிருந்து ஏழெட்டு வீடுகளைச் சொன்னார். அவரையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கம்பியை எடுத்து ஃப்யூஸ் போட்டோம். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் செட்டைத் திறக்கவே விடவில்லை. ஒரு வீட்டில், "ஃப்யூஸ் போனா நீங்க வந்து போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டார்கள். அதற்கு மேல் எந்த வீடு என்று சேகருக்கு ஞாபகம் வரவில்லை.

முதல் அறிக்கை தவறு என்று மேலிடத்துக்கு எழுதினேன். ஏன் அப்போதே எழுதவில்லை என்று விளக்கம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதிலும் எழுதினேன். தண்டனை என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஓய்வு பெறுகிற ஆள்தானே என்று விட்டுவிட்டார்கள்.

இன்னும் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சீருடை இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வள்ளிக்கண்ணுவின் வீட்டுக்குப் போனேன். எரிந்த வீட்டுக்குப் பக்கத்தில் சிறிய கொட்டகை போட்டுக்கொண்டு இருந்தார். மல்லிகை மொட்டை ஈரத் துணியில் கொட்டிக்கொண்டிருந்தவர் என்னை அடையாளம் கண்டு எழுந்தார்.

"வாங்க சார். ஒக்காருங்க."

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லாமல் போய்விடுவேன் என்று பயமாக இருந்தது. "அன்னைக்கு நான் சொன்னது பொய்ம்மா. செட்லேருந்துதான் தீ புடிச்சது. ஃப்யூஸுக்குப் பதிலா கம்பி இருந்துச்சு. நான் பாத்தேன். ஒங்களை ஊரு ஏசிருமேன்னு மறைச்சிட்டேன்" என்றேன்.

அவர் அதிர்ச்சி அடையவில்லை. மொட்டுகளைத் துணியோடு சேர்த்து மடித்து ஓரமாக வைத்தார்.

"கம்பியைப் போடச் சொன்னதே நான்தான் சார்" என்றார். "ஃப்யூஸ் போயிருச்சுன்னா நான் பஸ்ஸுல தூக்கிக்கிட்டுப் போயி வர வரைக்கும் ரெண்டு நாளு, மூணு நாளு அந்த மனுசன் செவுத்தையே பாத்துக்கிட்டுக் கெடப்பாரு. எனக்குப் பொறுக்கலை. நான்தான் போடச் சொன்னேன். அன்னைக்கு ஒங்கக்கிட்ட அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க சம்பந்தமே இல்லைன்னு சொல்லிட்டீங்க. சர்க்காரு ஆளு, தீயைப் பத்தித் தெரிஞ்சவரு சொல்றாரே, அப்ப அது இல்ல போலன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

எரிந்த வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே அவர் மேலும் சொன்னார்:

"சித்ராவை சேகரு கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனது யாருன்னு நெனைக்கிறீங்க? நான்தான். எங்க வீட்டுக்கு நடந்ததுக்கு முந்தி. அவ செட்டுலயும் கம்பிதான்னு எனக்குத் தெரியும் சார். ஒரு வார்த்தை நீங்க உண்மையைச் சொல்லியிருந்தா, நான் அன்னைக்கே, அவரைத் தூக்கறதுக்கு முன்னாடியே, அவ வீட்டுக்கு ஓடியிருப்பேன். என்னை ஏசட்டும்னு விட்டுருக்கலாம்ல சார்? ஏச்சு வாங்கினா நான் செத்தா போயிருவேன்? அந்தப் புள்ளையோட கையி போச்சே."

குரலை உயர்த்தவே இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. பிறகு, சேகருக்கு மறந்துபோன வீடுகளைப் பற்றிச் சொன்னேன்.

"இன்னும் மூணு வீடு எனக்குத் தெரியும்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் இரண்டு வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள். வள்ளிக்கண்ணு நடந்ததை நடந்தபடியே சொன்னார். கம்பியைப் போடச் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னார். அவர்கள் என் கண்ணெதிரிலேயே செட்டைக் கழற்றி வைத்தார்கள். மூன்றாவது வீடு தெருக் கோடியில். காங்கிரீட் வீடு, கதவு பூட்டியிருந்தது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வள்ளிக்கண்ணு அப்படியே நின்றார். பிறகு ஓடிப்போய்க் கதவில் அறைந்தார். "உள்ள யாரும் இருக்கீங்களா? ஆத்தா, உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" பதில் இல்லை. பாட்டுதான். ஜன்னல் ஜன்னலாகத் தட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினார். நான் வெளிச் சுவரில் மீட்டர் பெட்டியைத் திறந்து ஃப்யூஸ் கட்டையை உருவினேன். பாட்டு நின்றது. அவர் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து, காதை வைத்து உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் காதை எடுக்கவில்லை.

அரை மணி நேரத்தில் வீட்டுக்காரர் பைக்கில் வந்தார். உள்ளே யாரும் இல்லை என்றார். என் கையில் இருந்த கட்டையைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது.

"யாரைக் கேட்டு எங்க வீட்டுக் கரண்டைப் புடுங்கினீங்க?"

நான் யார் என்று சொன்னேன். செட்டையும் கம்பியையும் பற்றிச் சொன்னேன். வள்ளிக்கண்ணுவைக் காட்டி, யார் என்று தெரிகிறதா என்று கேட்டேன். தெரியும் என்றார். சற்றுத் தணிந்தார். ஆனாலும் கட்டைக்குக் கையை நீட்டினார்.

"சார், அவங்களுக்கு நேரம் சரியில்லை, நடந்துபோச்சு. எங்க செட்டு நாலு வருசமா ஓடுது. ஒங்க வேலை தீயை அணைக்கிறது. அது வந்தா கூப்புடறேன்."

ஒரு வீட்டின் செட்டைப் பறிமுதல் செய்ய எனக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. கட்டையைக் கொடுத்தேன். அவர் அதைச் சொருகினார். உள்ளே பாட்டு விட்ட இடத்திலிருந்து இல்லாமல் முதலிலிருந்து தொடங்கியது. கதவைத் திறந்து உள்ளே போய் எதையோ எடுத்துக்கொண்டு வந்து, கதவை மறுபடி பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் தெருவில் நடந்தோம். பாட்டு கூடவே வந்தது.

"இன்னொரு தடவை சொல்லிப் பாக்கலாம்மா. சாயங்காலம் வந்து அவரு வீட்டுக்காரம்மாக்கிட்ட பேசலாம்" என்றேன்.

"பேசலாம் சார்" என்றார் வள்ளிக்கண்ணு. கொஞ்ச தூரம் போன பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஆனா கேக்க மாட்டாங்க. எங்கிட்டே யாராச்சும் வந்து சொல்லியிருந்தா நானும் கேட்டிருக்க மாட்டேன். அவருக்குப் பாட்டுன்னா அம்புட்டு உசுரு."